நோகாம கேக்கற கேள்வி

ஏம்மா, 'ஹவ் கம்'னா இன்னா அர்த்தம்னு தெரியுமா உனக்கு?

தெரியாதா? காலேஜு முடிச்சேன்னு சொன்னியே. பரவால்ல, வெக்கப்படாத. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் எனக்கும்தான் தெரியாது. 'ஹவ்'னா எப்படி, 'கம்'னா வா. எப்படி வா? ஷேர் ஆட்டோவுல வா, நடந்து வா. நான் அப்படித்தான் நெனச்சுக்கினு இருந்தேன். எங்க ஊர் ஸ்கூல்ல இங்கிலீஷ் சாரு வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வருவாரு, அந்த ரெண்டு நாளும் நெலத்துல தண்ணி பாச்சற கவலையிலேயே இருப்பாரு. அவர்கிட்ட இன்னாத்த கத்துக்கறது?

நல்லா சாஞ்சு உக்காரு. பையை மடியில வெச்சுக்கோ. பஸ்ஸு கம்பெனி போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆவும். உன்னை என் லைனுக்குத்தான் போட்டிருக்காங்க, லிஸ்ட் பார்த்தேன். மொத நாளே சூப்பர்வைசர் பக்கத்துல சீட்டு. குடுத்து வெச்சவ நீ. என் பேரு பரிமளா. அக்கான்னே கூப்புடு, மேடம் கீடம்லாம் வேணாம்.

நம்ம லைன்ல இன்னா வேலைன்னா, ஷூவோட மேல்தோல் இருக்கில்ல, அதோட ஓரத்துல பிரஷ்ஷால சொல்யூஷன் தடவி மடிச்சு ஒட்டறது. பங்சர் கடையில ட்யூபுக்குப் போடுவாங்களே, அதே வாடைதான். அத விட கொஞ்சம் தூக்கலா இருக்கும். மொத வாரம் தலை சுத்தும். அப்பறம் அந்த வாடை இல்லன்னா சோறு எறங்காது. நெசமாத்தான் சொல்றேன், சிரிக்காத.

நான் சேந்த புதுசுல இங்க சூப்பர்வைசரா ஜெபமணின்னு ஒருத்தர் இருந்தாரு. வாயைத் தொறந்தா சாக்கடை. நம்ம பொறப்பு, நம்ம ஆத்தா, அப்பன், ஒருத்தரை விட மாட்டாரு. ஒரு நாள் மரக்கட்டை ஒன்னைத் தூக்கி என் மேலயே எறிஞ்சாரு. தோள்ல பட்டு, வீட்டுல எம்பொண்ணுக்குத் தலை வார கை தூக்க முடியல பதினஞ்சு நாளு. அன்னைக்கே முடிவு பண்ணேன், என்னைக்காவது நானும் சூப்பர்வைசர் ஆனா ஒருத்தியையும் திட்டக் கூடாது, அடிக்கக் கூடாதுன்னு. அந்தச் சாமி சத்தியமா இன்னைக்கு வரைக்கும் ஒருத்தியை ஒரு வார்த்தை திட்டுனது இல்ல. நீ யாரை வேணா கேட்டுக்கோ.

அப்பறம் ஜெபமணி பேசறத எவளோ போன்ல பிடிச்சு வெளிய விட்டுட்டா. ஷூ வாங்கற வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் கடுதாசி போட்டுட்டான், இனிமே சத்தம் போட்டா சரக்கு எடுக்க மாட்டோம்னு. ஜெபமணியை அனுப்பிட்டாங்க, எங்கள்ல நாலு பேரை சூப்பர்வைசர் ஆக்குனாங்க. மெட்ராஸ்லேர்ந்து ஒரு டிரெய்னிங் மேடத்தை வர வெச்சாங்க. மூணு நாளு ஏசி ரூம்ல உக்கார வெச்சு, மத்தியானம் பிரியாணி போட்டு, எப்படிப் பேசணும்னு சொல்லிக் குடுத்தாங்க.

அவங்கதான் சொன்னாங்க. "'வொய்'னு கேக்காதீங்க. அது எதிர்ல இருக்கறவங்க மாருல வெரலை வெச்சுக் குத்தற மாதிரி. 'ஏன் இப்படிப் பண்ண?' தப்பு உன்மேலதான்னு முடிவு கட்டிட்டுக் கேக்கற கேள்வி. அதுக்கு பதிலா 'ஹவ் கம்'னு கேளுங்க. 'அடடா, இது எப்படி இப்படி ஆச்சு?' பக்கத்துல உக்காந்து ஆச்சரியமா கேக்கற மாதிரி இருக்கும். யாருக்கும் நோகாது."

அதுக்குக் கதை வேற சொன்னாங்க. அந்தக் காலத்துல வெள்ளக்காரன் இதையே நீட்டி முழக்கி, 'இது எப்படி வந்து இப்படி ஆச்சு'ங்கற மாதிரி கேப்பானாம். அமெரிக்காவுல போய்ப் பேசிப் பேசி நடுவுல இருந்ததெல்லாம் உதிர்ந்து போச்சாம். எப்படி, வா, ரெண்டு மட்டும் நின்னுக்கிச்சு. நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆவுதாம். ஆபீசு லெட்டர்ல எழுதக் கூடாதாம், வாய்ப் பேச்சுக்கு மட்டும்தான். நான் எழுந்து, "மேடம், எங்க ஊர்ல 'என்ன' தேஞ்சு 'இன்னா' ஆயிட்ட மாதிரியா?"ன்னேன். அவங்க கை தட்டி, "பாருங்க, இவங்களுக்குப் புரிஞ்சுடுச்சு"ன்னாங்க. இன்னொரு வசதியும் சொன்னாங்க. 'வொய்' போட்டா பின்னாடி வர்ற வார்த்தையெல்லாம் எடம் மாத்திப் போடணுமாம். இதுக்கு அந்த ரோதனை இல்ல. பேசறதுக்கு முன்னாடி ஒட்டிட்டா போதும். நமக்குன்னே செஞ்ச கேள்வி.

டிரெய்னிங் எடுத்த நாலு பேர்ல அதை ஒழுங்கா வெச்சுக்கினவ நான் ஒருத்திதான்.

சும்மா கேட்டா போதாதுன்னு நானே ஒரு ஏற்பாடு பண்ணேன். மூணரை மணிக்கு டீ. பத்து நிமிஷம். அன்னைக்கு அது வரைக்கும் யாரு கம்மி ஜோடி ஒட்டியிருக்காளோ அவளை நடுவுல ஒரு செகப்பு ஸ்டூல்ல உக்கார வெப்போம். மத்தவங்க டீயைக் கையில வெச்சுக்கினு சுத்தி நிப்பாங்க. நான் ஒன், டூ, த்ரீ சொல்லுவேன். எல்லாரும் ஒன்னா, சிரிச்சுக்கினே, "ஹவ் கம்?" அப்பறம் ஒரு கைத்தட்டு. அவ காரணம் சொல்லணும். சொன்னது லைனுக்கு ஒத்துக்கிச்சுன்னா டீயைக் கையில குடுத்துடுவோம். ஒத்துக்கலன்னா மறுபடி ஹவ் கம். டீ ஆறிடுமேன்னு அவளே சீக்கிரம் சொல்லிடுவா.

முகத்தை ஏன் அப்படி வெச்சுக்கற? வெளையாட்டும்மா. திட்டு இல்ல, அடி இல்ல. ஒருத்தி வீட்டுக்காரன் ராத்திரி பூரா அடிச்சான்னு ஸ்டூல்ல உக்காந்துதான் சொன்னா. வீட்ல யார்கிட்டயும் சொல்லாததை எங்ககிட்ட சொன்னா. மனசுல இருக்கறது வெளிய வந்தா லேசுதானே? இன்னொருத்தி மாசாந்தர வலின்னா. நம்ம கோமளா இருக்காளே, கடைசி மேசை, வாயாடி, "எங்களுக்கெல்லாம் வருஷாந்தரமா வருது?"ன்னுட்டா. சிரிச்சு சிரிச்சு டீ கொட்டிப் போச்சு. லைன்ல ஜோடி எகிறிக்கிச்சு. ஸ்டூலை நெனச்சு மத்தியானச் சோத்தைத் தொறக்காமலே ஒட்டறாளுங்கன்னா பாரு, வேலையில அவ்ளோ ஆர்வம் வந்துடுச்சு. மேனேஜர் சாரு என் போட்டோவை நோட்டீஸ் போர்டுல போட்டாரு. எம்பையன் யு.கே.ஜி. படிக்கறான், அந்த போட்டோவை போன்ல பார்த்துட்டு, "அம்மா, நீ கட்சியில சேந்துட்டியா?"ங்கறான்.

இந்த சீட்டுல, நீ உக்காந்திருக்கியே, இதுல உனக்கு முன்னாடி அஞ்சலாட்சின்னு ஒருத்தி வருவா.

கை அவளுக்கு தங்கம். பிரஷ்ஷை ஒரு இழுப்பு, ஓரத்துல கோடு போட்ட மாதிரி நிக்கும், ஒரு சொட்டு வழியாது. சேந்து ஏழு மாசம், ஒரு நாள் கூட ஸ்டூல்ல உக்காரல. லைனுக்கே அவதான் முதுகெலும்பு. நான் போர்டுல தொங்கறேன்னா பாதி அவளாலதான், அதை நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்.

பொங்கல் தாண்டினதும் கை தளர்ந்துச்சு. பத்து ஜோடி ஒட்டுவா, வாயைப் பொத்திக்கினு ஓடுவா. வருவா, மூஞ்சியெல்லாம் தண்ணி. மாஸ்க்குக்குள்ள நாரத்த எலையைக் கசக்கி வெச்சிருப்பா. ரெண்டு பெத்தவ நான். எனக்குத் தெரியாதா? பார்த்த அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. ஆனா அவ வாயால வரணும் இல்ல? நம்மளா எப்படிச் சொல்றது, அது நாகரிகம் இல்ல.

மொத நாள் ஸ்டூல்ல உக்காந்தா. ஹவ் கம்? "தலவலி." சரி, டீ குடுத்தோம். டீயைக் கிட்ட கொண்டு போனதும் முகம் கோணிப் போச்சு.

ரெண்டாம் நாள், "பித்தம்." மறுபடி ஹவ் கம். "ராத்திரி தூக்கம் இல்ல." கோமளா விடுவாளா? "தூக்கம் இல்லாததுக்கு எதுக்குடி நாரத்த எல? யார் தூங்க விடல?" ஒரே சிரிப்பு. அஞ்சலாட்சியும் சிரிச்சா. சிரிக்கற மாதிரி வாயை வெச்சுக்கினா.

மூணாம் நாள் ஒன்னுமே சொல்லல. பத்து நிமிஷமும் அப்படியே உக்காந்திருந்தா. நாங்க எட்டு தடவை கேட்டோம். கோமளா எண்ணிக்கினே இருந்தா.

அன்னைக்கு சாயந்தரம் பஸ்ல, என் காதோரம் குனிஞ்சு எல்லாத்தையும் சொன்னா. நாலாவது மாசம் நடக்குதாம். இதுக்கு முன்னாடி ரெண்டு தரிச்சு, ரெண்டும் மூணாம் மாசத்துல போச்சாம். மாமியார்க்காரி 'ராசி கெட்ட வயிறு'ன்னு பேரே வெச்சுட்டாளாம். அதனால இந்த தடவை அஞ்சு மாசம் முடியட்டும், அப்பறம் வாயைத் தொறப்போம்னு இருக்காளாம். வீட்டுக்காரன் ரெண்டு மாசம் முன்னாடி கொத்து வேலைக்குப் போய் சாரத்துலேர்ந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்த படுக்கை. இவ சம்பளம்தான் சோறு. மாமியார் சொல்லியிருக்கா, "வேலைக்குப் போற வரைக்கும் இந்த வீட்டுல இரு. நின்னுட்டன்னா ஒன் ஆத்தா வீட்டுக்கு நடையைக் கட்டு"ன்னு. ஆத்தா இருந்தாத்தானே? செத்து ரெண்டு வருஷம். வயிறு தெரியற மாதிரி ஆயிட்டா மாமியாரும் மனசு மாறிடுவா, பேரப்புள்ளைய எவ தொரத்துவான்னு கணக்கு போட்டு வெச்சிருக்கா.

"அக்கா, கம்பெனிக்குத் தெரிஞ்சா அனுப்பிடுவாங்க. பேக்கிங்ல மாத்தி விடுங்கக்கா. அங்க இந்த வாடை இல்ல, சமாளிச்சுக்குவேன். இல்லன்னா, ஸ்டூல்ல மட்டும் உக்கார வெக்காதீங்க. எனக்குப் பொய் சொல்ல வரல. சுத்தி நின்னு கேக்கும்போது உண்மை வாயில வந்துடும்போல இருக்கு. எங்கிட்ட தனியா கேளுங்க, இன்னா கேட்டாலும் சொல்றேன்."

அவ சொன்னது வாஸ்தவந்தான். பர்மெனன்ட் ஆளுன்னா லீவும் சம்பளமும் குடுப்பாங்க. எனக்கு ரெண்டாவதுக்கு அஞ்சாம் மாசமே முதுகு சாய்ற நாற்காலி குடுத்தாங்க, கொழந்தைக்கு சோப்பு, துண்டு, பவுடர்லாம் போட்டு ஒரு டப்பா குடுத்தாங்க. இவ கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் ஆளு முழுகாம இருக்கான்னு தெரிஞ்சா கம்பெனி தொரத்தாது. 'உங்க பாதுகாப்புக்காக வீட்டுல இருங்க'ன்னு மரியாதையா சொல்லும். அவ்ளோதான்.

பேக்கிங்குக்கு மாத்தறது எனக்கு ஒரு வார்த்தை வேலை. மேனேஜர் சாரு நான் சொன்னா கேப்பாரு. ஆனா நீயே சொல்லு, லைனோட தங்கக் கையைத் தூக்கி அட்டைப் பெட்டி மடிக்க அனுப்புனா என் ஜோடி இன்னா ஆவறது? எங்களுக்கு மேல ஒரு மீட்டிங் இருக்கு, தெரியுமா? அங்க என்னை உக்கார வெச்சு கேப்பாங்க. அப்பறம் ஸ்டூல் விஷயம். ஒருத்தியை விட்டா நாளைக்கு எல்லாரும் விடச் சொல்லுவா. சட்டம்னா எல்லாருக்கும் ஒன்னுதானே. நான் அவ கையைத் தட்டிக் குடுத்து, "நல்லா சாப்புடு. மாதுளம்பழம் வாங்கித் தின்னு"ன்னேன். நல்ல வார்த்தைதானே சொன்னேன்?

அடுத்த வாரம் வெளிநாட்டுக் கம்பெனிலேர்ந்து ஒரு அம்மா பார்வையிட வந்தாங்க. வெள்ள முடி, குட்டையா வெட்டிக்கினு, வாய் நெறய சிரிப்பு. நாப்பது டிகிரி வெயில்ல பாவம் செவந்து போயி, வெட்டி வெச்ச தர்பூசணி மாதிரி இருந்தாங்க. மேனேஜர் சாருக்கு நம்ம லைனைக் காட்டணும்னு ஆசை. "பரிமளா, அந்த டீ டைம் ஐட்டத்தை ஒரு தடவை பண்ணிக் காட்டிடு"ன்னாரு. அன்னைக்குக் கம்மி ஜோடி யாருன்னு பார்த்தேன். அஞ்சலாட்சிதான். நான் வேணும்னு பண்ணல. நோட்டுல இருக்கு, நீ வேணா பாரு. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுனா, வேணாம்னு. நான் ஸ்டூலைக் காட்டுனேன். வந்து உக்காந்தா.

ஒன், டூ, த்ரீ. ஹவ் கம்? கைத்தட்டு.

அந்த வெள்ளக்கார அம்மாவுக்கு சந்தோஷம் தாங்கல. அவங்க பாஷையை நாங்க பேசறோம்ல? அவங்களும் கை தட்டுனாங்க. அப்பறம் இன்னா நெனச்சாங்களோ, அஞ்சலாட்சி முகத்தைப் பார்த்துட்டு கை தட்டறதை நிறுத்துனாங்க. கிட்ட வந்தாங்க. அந்த எண்ணெய் தரையில, வெள்ள பேன்ட்டோட, முட்டி போட்டு உக்காந்தாங்க. இவ முட்டி மேல கையை வெச்சு, எங்களை மாதிரி இல்ல, மெதுவா, அவ ஒருத்திக்கு மட்டும் கேக்கற மாதிரி, "ஹவ் கம்?"

நானும் அந்த ரெண்டு வார்த்தையை எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அந்த மாதிரி எனக்கு வரல. அவங்களுக்குத் தாய்மொழி, நமக்கு அந்த நாக்கு எங்க திரும்பும்?

அஞ்சலாட்சி அவங்க கையை எடுத்துத் தன் வயித்து மேல வெச்சுக்கினா. "நாலு மாசம்மா"ன்னா. அப்படியே அழுதா பாரு, ஏங்கி ஏங்கி. யாரும் மொழி பெயர்க்க வேண்டிய வேலையே இல்ல.

அந்தம்மாவும் அழுதுட்டாங்க. கட்டிப் புடிச்சுக்கினாங்க. போட்டோ எடுத்தாங்க. லைன் மொத்தமும் கை தட்டுச்சு, நான்தான் மொதல்ல தட்டுனேன். அந்த போட்டோ இப்ப நோட்டீஸ் போர்டுல இருக்கு, உள்ள போனதும் காட்டறேன். பின்னாடி சூப்பர்வைசர் பச்சைக் கோட்டு போட்டுக்கினு சிரிக்கறது நான்தான்.

போவறப்ப அந்தம்மா நோட்டுல ஒரு வரி எழுதிட்டாங்க. முழுகாம இருக்கற பொண்ணு சொல்யூஷன் மேசையில உக்காந்திருக்கு, இதை உடனே சரி பண்ணணும்னு. நல்ல மனசுலதான் எழுதுனாங்க. கார் கேட்டைத் தாண்டுச்சு, மேனேஜர் சாரு என்னைக் கூப்புட்டாரு.

"உனக்கு முன்னாடியே தெரியுமா பரிமளா?"

"தெரியாது சார்"னேன். பின்ன? அவ ரகசியமா சொன்னதை நான் வெளிய சொல்லலாமா? என்னை நம்பி சொன்னவளாச்சே.

அஞ்சு மணிக்கெல்லாம் சரி பண்ணிட்டாங்க. 'உடல்நிலை காரணமாக நானே விலகிக் கொள்கிறேன்'னு பேப்பர் ரெடியா இருந்துச்சு. அஞ்சலாட்சி ரெண்டு தடவை படிச்சா. "நானா எங்கக்கா விலகறேன்?"னு என்னைக் கேட்டா. "அது சும்மா எழுத்துக்கு. சீக்கிரம் போடு, பஸ் கெளம்பிடும்"னேன். போட்டா. சாட்சி கையெழுத்து நான் போட்டேன். கார்டை வாங்கிக்கினாங்க. போட்டுக்கினு இருந்த கம்பெனி நீலக் கோட்டை மட்டும் கேக்க மறந்துட்டாங்க.

அன்னைக்குத்தான் அவ கடைசியா பஸ்ல வந்தது. எறங்கற நேரத்துல என் கையைப் புடிச்சுக்கினா. "அக்கா, நாளைக்கும் எப்பவும் போல ஏறிக்கறேன். கம்பெனி கேட் கிட்ட எறக்கி விட்டா போதும். எதிர்ல புளியமரம் இருக்கில்ல, அங்க உக்காந்துக்கறேன். சாயந்தரம் ஏறிக்கறேன். ஒரு மாசம்க்கா. அஞ்சு தாண்டிட்டா நானே வீட்டுல சொல்லிடுவேன்."

எப்படிம்மா முடியும்? கார்டு இல்லாத ஆளை ஏத்துனா டிரைவர் அண்ணனைக் கேப்பாங்க. நமக்கு எதுக்கு பொல்லாப்பு? ஆனா முகத்துல அடிச்ச மாதிரி இல்லன்னு சொல்லவும் எனக்கு வராது. அதனால சிரிச்சுக்கினே, தமாஷுக்கு, "ஹவ் கம் அஞ்சலாட்சி?"ன்னேன்.

அவளுக்கு தமாஷ் புரியல. எறங்கிப் போயிட்டா.

இது நடந்து பதினெட்டு நாள் ஆவுது. தெனமும் காலையில அந்த நீலக் கோட்டை மாட்டிக்கினு, சாப்பாட்டுப் பையோட ஸ்டாப்புல வந்து நிக்கறா. ஊர்க்காரங்க பார்க்கணுமே, மாமியார் காதுக்குப் போவணுமே, அதுக்கு. நாங்க தாண்டினதும் ஏரிப் பக்கம் எறங்கி நடந்து போறாளாம், கோமளா சொன்னா. பகல் பூரா அங்க வெயில்ல எங்க உக்காருவாளோ. அந்த ஸ்டாப்புல ஏறுன ஆளு அவ ஒருத்திதான், அதனால இப்பல்லாம் பஸ் நிக்கறது இல்ல. அப்பவும் கையைக் காட்டறா. நேத்து அண்ணன் பழக்கத்துல பிரேக்கை மிதிச்சுட்டாரு. நான்தான், "போங்கண்ணே, போங்க"ன்னேன்.

பயப்படாத, உனக்கு அந்த மாதிரி ஒன்னும் வராது. கல்யாணம் ஆயி எத்தன மாசம் ஆவுதுன்ன? ஆறா? இன்னாத்துக்கு இப்ப தலையைக் குனிஞ்சுக்கற? எங்கிட்ட எதையும் மறைக்காத, நான் உனக்கு அக்கா மாதிரி.

அந்த வளைவு திரும்புனா அவ ஸ்டாப்பு. உன் பக்கத்து ஜன்னல் துணியைக் கொஞ்சம் இழுத்து விடும்மா. வெயில் எதிர்ப் பக்கம்தான் அடிக்குது, தெரியுது எனக்கு. இருந்தாலும் இழுத்து விடு.